எந்தக் கோயிலடி?

அன்புள்ள ஐயா,

திருகோணமலையில் ஒரு வங்கியில் வேலை செய்கிறேன். வயது 36. சொந்த இடம் கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம், மூதூருக்குத் தெற்கே ஒரு கிராமம். 2006இல் இடம்பெயர்ந்தோம். அதன்பிறகு படிப்பு, வேலை, கலியாணம் எல்லாம் டவுனோடு என்றாகிவிட்டது.

போன பொங்கலுக்கு, கூட வேலை செய்யும் ஒருவரின் வீட்டுக்கு மகளோடு போயிருந்தேன். அவருடைய அம்மா அன்பாகத்தான் பேசினார். "பிள்ளை எந்த இடம்?" என்றார். மூதூர்ப் பக்கம் என்றேன். "மூதூரில எங்க?" சொன்னேன். "எந்தக் கோயிலடி?" கோயிலைச் சொன்னால் எந்தச் சாதி என்று தெரிந்துவிடும். அந்தக் கேள்விக்கு நான் பொய் சொன்னேன். பக்கத்து ஊரின் பெயரையும் அந்த ஊர்க் கோயிலின் பெயரையும் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் அதுதான் வந்தது. கொஞ்ச நேரத்தில் தேத்தண்ணி வந்தது. மற்றவர்களுக்குக் கண்ணாடிக் கோப்பை, எனக்கும் மகளுக்கும் கடதாசிக் கப். கோப்பை போதாமல் இருந்திருக்கலாம். பிறகு வந்த இரண்டு பேருக்கும் கடதாசிக் கப்தான் கொடுத்தார்கள், ஆனால் அவர்கள் யார் எவர் என்று எனக்குத் தெரியாது. ஒரு கிழமையாக அந்தக் கப்பையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கணவர் சொல்கிறார், "இது உம்முடைய மனப்பிரமை. சாதி எல்லாம் யாழ்ப்பாணத்துக் கதை. திருகோணமலையில ஆர் இப்ப சாதி பார்க்கினம்?" என் அம்மப்பா செய்த தொழில்... அதை இங்கே எழுத விரும்பவில்லை. அவர் வைத்த புளியமரம் இன்னும் ஊரில் நிற்கிறது. மகளுக்கு 9 வயது. வீட்டுக்குத் திரும்பும் வழியில், "அம்மா, நீங்க ஏன் வேற ஊர்ப் பேர் சொன்னீங்க?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

எனக்கு மனதில் ஏதும் கோளாறா? மகளுக்கு இதையெல்லாம் சொல்லத்தான் வேண்டுமா?

(பெயர் வேண்டாம், ஐயா)

அன்புள்ள சகோதரி,

முதல் கேள்விக்கு உடனேயே பதில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஒரு கோளாறும் இல்லை.

அந்தக் கடதாசிக் கப் ஏன் வந்தது என்பதை உங்களால் ஒருநாளும் கண்டுபிடிக்க முடியாது. கோப்பை முடிந்திருக்கலாம். நீங்கள் சொன்ன பொய் எடுபடாமலும் போயிருக்கலாம். வேறொருவருக்கு அதே கப் வந்திருந்தால் குடித்துவிட்டு எறிந்துவிட்டுப் போயிருப்பார். நீங்கள் ஒரு கிழமை அதைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறீர்கள். பிறப்பை வைத்துத் தாழ்வாக நடத்தப்படும் மனிதர்களைப் பற்றி ஆராய்ந்த உளவியலாளர்கள் இந்த நிலையைத் தனியாகவே எடுத்துப் பேசுகிறார்கள். தனக்கு நடந்தது தற்செயலா, தன் குணத்துக்காகவா, பிறப்புக்காகவா என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போவது. அப்போது பிறர் காட்டும் குறையையும் நம்ப முடியாது, பாராட்டையும் நம்ப முடியாது. வங்கியில் மேலதிகாரி சிரித்தால் ஒரு கணக்கு, சிரிக்காவிட்டால் இன்னொரு கணக்கு. எந்நேரமும் மனதின் ஒரு மூலை காவலுக்கு உட்கார்ந்திருக்கிறது. களைப்பு அங்கேயிருந்துதான் வருகிறது. இதைப் பிரமை என்று சொல்கிறவருக்கு அந்தக் காவல் வேலை இருந்ததில்லை, அல்லது அவர் அதை நினைக்கவே பயப்படுகிறார். உங்கள் கணவர் இரண்டாவது வகையாக இருக்கக்கூடும். அவரிடம் கோபிக்காதீர்கள்.

அந்த அம்மா கேட்ட மூன்று கேள்விகளை வாசித்தபோது ஓர் ஆய்வு ஞாபகம் வந்தது. கார்லா ஹொஃப், பிரியங்கா பாண்டே என்ற பொருளியலாளர்கள் செய்தது, 2004இல் வெளிவந்தது. உத்தரப் பிரதேசக் கிராமங்களில் 6ஆம், 7ஆம் வகுப்புப் பையன்களுக்குத் தாளில் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். மேல்சாதி எனப்படுவோர் 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதியினர் 321 பேர். சரியாகச் செய்கிற புதிருக்குக் காசு. யார் என்ன சாதி என்று சொல்லாமல் விட்டபோது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு செய்தது. அப்புறம் வேறு குழுக்களில், ஒவ்வொரு பையனின் பெயர், ஊர், தகப்பன் பெயர், பாட்டன் பெயர், சாதி எல்லாவற்றையும் மற்றவர்கள் முன்னால் வாசித்தார்கள். ஒருவரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. வாசித்தார்கள், அவ்வளவுதான். ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் முடித்த புதிர்களின் எண்ணிக்கை விழுந்துவிட்டது. இதிலும் முக்கியமான ஒன்று இருக்கிறது. காசு யாருக்கு என்பதைக் குலுக்கலுக்கு விட்டபோது அந்த வித்தியாசம் இல்லாமல் போனது. மூளை அதே மூளைதான், புதிரும் அதே புதிர்தான். இன்னொரு மனிதன் நம்மை நியாயமாக மதிப்பான் என்ற நம்பிக்கை போன இடத்தில்தான் அந்தக் கை தளர்ந்திருக்கிறது. "எந்தக் கோயிலடி?" என்ற கேள்விக்கு உங்கள் வாயில் பொய் வந்ததும் இதே இடத்திலிருந்துதான். அதற்காக உங்களையே நீங்கள் வதைத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, "யாழ்ப்பாணத்துக் கதை" என்ற பேச்சுக்கு வருவோம். இதை இந்த ஊரில் நான் கேட்காத வருடம் இல்லை. 1968இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், உள்ளே போக வந்த ஒடுக்கப்பட்ட சாதியினரைத் தடுத்து நடந்ததைப் போன்ற ஒன்று இங்கே நடக்கவில்லை என்பது உண்மை. துறைமுகமும் கடற்படைத் தளமும் பல ஊர்ச் சனத்தைக் கொண்டுவந்து கலந்த இடம் இது. ஆனால் கோணேசர் கல்வெட்டு என்ற பழைய நூலைப் பாருங்கள். குளக்கோட்டன் என்ற அரசன் குடிகளை அழைத்துவந்து, தானத்தார், வரிப்பத்தார் என்று பிரித்து, கோணேசர் கோயில் தொழும்பை, அதாவது ஊழியத்தை, பங்கிட்டுக் கொடுத்த கதை அதில் இருக்கிறது. யாருக்கு எந்த வேலை என்பது நம் ஊரின் தோற்றக் கதையிலேயே எழுதியாகிவிட்டது. இன்றைக்கு அத்தாட்சி வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் மணமக்கள் தேவைப் பக்கத்தை விரித்தால் போதும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்களிடம் கோயிலடி கேட்ட அந்த அம்மாவை யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டு விறாந்தையில் உட்காரவைத்தால், அவரிடமும் இதே மூன்று கேள்விகளை யாராவது கேட்பார்கள். மேலே பார்த்தால் மரியாதை, கீழே பார்த்தால் இகழ்ச்சி என்று படிப்படியாக அடுக்கப்பட்ட ஏற்பாடு இது என்று அம்பேத்கர் விளக்கினார். தனக்குக் கீழே ஒரு படி இருக்கிறது என்ற ஆறுதல் ஏறக்குறைய எல்லோருக்கும் கிடைக்கிறது. அதனால்தான் இதை விட மனம் வருவதில்லை.

கடற்படைத் தளத்தை பிரித்தானியர் விட்டுப்போன அதே 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. சாதியைச் சொல்லிக் கோயிலிலோ கடையிலோ ஒருவரைத் தடுத்தால் குற்றம். அந்தச் சட்டத்துக்காகப் போராடியவர்களை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் வீட்டு விறாந்தையில் கேட்கப்படும் கேள்விக்குச் சட்டம் வராது. நம் நாட்டில் குடிசன மதிப்பீட்டில் சாதியைக் கேட்பதில்லை, இந்தியாவில் போலச் சாதிச் சான்றிதழும் இல்லை. அந்தச் சொல்லையே பொதுவில் சொல்ல இடமில்லாமல் போய்விட்டது. "என்ன ஆக்கள்?", "எங்கட ஆக்கள்தான்", "அவை கொஞ்சம் குறைஞ்ச ஆக்கள்" என்று வீட்டுக்குள் மட்டும் ஓடுகிறது. வெளியே எவரும் பேசாத ஒன்று உங்களுக்கு மட்டும் வலித்தால், பிழை உங்களிடம்தான் என்று நினைக்கத் தோன்றும். உங்கள் கடிதத்தின் முதல் கேள்வி அப்படிப் பிறந்ததுதான்.

இதையெல்லாம் வெளியே நின்று பார்த்தவனாக நான் எழுதக்கூடாது. எங்கள் வீட்டுக் கிணற்றடிக்குப் பின்னால், குசினித் தாழ்வாரத்தில் ஓர் ஆணியில் ஒரு பித்தளைப் பேணி தொங்கும். காலையில் வளவு வேலைக்கு வருகிறவருக்கு அதில்தான் தேத்தண்ணி. அம்மா ஊற்றும்போது கேத்தலை உயரத் தூக்கிப் பிடிப்பார். கேத்தல் மூக்கும் பேணி விளிம்பும் ஒருநாளும் முட்டியதில்லை. அவர் குடித்து முடித்து, தானே கழுவி, தானே ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். அவருக்கு அறுபது வயது இருக்கும். எனக்கு எட்டு. நான் அவரை "வா", "போ" என்பேன். அவர் என்னை "தம்பி, வாங்கோ" என்பார். யாரும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை, திருத்தவும் இல்லை. ஒருநாள் விளையாட்டாக அந்தப் பேணியை எடுத்துத் தண்ணீர் குடிக்கப் போனேன். அம்மா பாய்ந்து வந்து தட்டிவிட்டார். அவருடைய முகம் சுளித்த சுளிப்பு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. அன்றிலிருந்து அந்தப் பேணியைக் கண்டால் எனக்கும் குமட்டியது. பித்தளை, கழுவிய பாத்திரம், என்றாலும் குமட்டியது.

போல் ரோசின் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். கிருமி நீக்கிய செத்த கரப்பானைப் பழச்சாற்றில் தொட்டு எடுத்துவிட்டுக் குடிக்கச் சொன்னார். ஒரு தீங்கும் இல்லை என்று விளங்கிய பிறகும் ஆட்கள் மறுத்தார்கள். அருவருப்புக்கு நியாயம் சொல்லி விளங்கவைக்க முடியாது. எதற்கு முகம் சுளிக்க வேண்டும் என்பதை மட்டும் பெரியவர்களின் முகத்தைப் பார்த்துப் பிள்ளை படித்துக்கொள்கிறது. நான் ஒரு மனிதர்மேல் அதைப் படித்தேன். புத்தகம் வாசித்து, மேடையில் பேசி, சாதி பிழை என்று அறிவால் முழுக்க ஒப்புக்கொண்ட பிறகும், அந்தக் குமட்டல் என் உடம்பைவிட்டுப் போகப் பல வருடம் எடுத்தது.

எங்கள் வளவு வேலைக்கு வந்த அந்த மனிதர் இறந்தபோது பாலையூற்றுப் பக்கம் மின்கம்பத்தில் மரண அறிவித்தல் ஒட்டியிருந்தது. படத்தைப் பார்த்துத்தான் ஆளை அறிந்தேன். கீழே இருந்த பெயர் 'சாமி' என்று முடியும் நீளமான பெயர், தகப்பன் பெயரோடு. நாங்கள் 30 வருடம் அதை வெட்டி, 'ன்' போட்டுக் கூப்பிட்டிருக்கிறோம். அவர் ஒருநாளும் திருத்தவில்லை. திருத்தியிருந்தால் அடுத்த நாள் வேலை இருந்திருக்காது. அந்தக் கம்பத்தடியில் நின்ற வெட்கம் எனக்கு உரியது. உங்கள் பொங்கல் நாள் வெட்கமும் அந்த விறாந்தையில் கேள்வி கேட்டவருக்கு உரியதுதான். அது விலாசம் மாறி உங்களிடம் வந்திருக்கிறது.

மகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். அவள் ஏற்கெனவே கண்டுவிட்டாள், கேட்டும் விட்டாள். பதில் இல்லாவிட்டால், அம்மாவின் ஊர் வெளியே சொல்லக்கூடாத ஊர் என்று அவளே முடிவு செய்துகொள்வாள். முதலில், அன்று பொய் சொன்னதையும், பயத்தில் சொன்னேன் என்பதையும் சொல்லுங்கள். 9 வயதுப் பிள்ளைக்குப் பயம் நன்றாக விளங்கும். சிலர் ஊரையும் கோயிலையும் கேட்டு மனிதரை மேலே கீழே என்று வைப்பார்கள், அது அவர்கள் செய்யும் பிழை என்று சொல்லுங்கள். நாங்களும் ஒரு காலத்தில் அரச குலம்தான் என்ற கதையை மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தக் கதை அவளுக்கும் ஏறுவதற்கு ஒரு படியைக் காட்டிக்கொடுக்கும். படித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல வேண்டாம். வங்கி வேலையில் இருக்கும் அம்மாவுக்கு நடந்ததை அவள் பக்கத்தில் இருந்து பார்த்தவள்.

அம்மப்பாவின் தொழிலை அவளுக்கு எப்போது சொல்வது என்பது உங்கள் விருப்பம். அதற்கு முன்னால் அவளை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். முந்தி என்றால் மூதூருக்கு லோஞ்ச் பார்த்து நிற்க வேண்டும், இப்போது கிண்ணியாப் பாலத்தால் பஸ் போகிறது. பள்ளி விடுமுறையில் ஒருநாள் போதும். புளியமரத்தைக் காட்டுங்கள், அதை வைத்தவரின் முழுப்பெயரைச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் இருக்கும் அந்த மூன்று புள்ளிகளை எனக்காக நிரப்ப வேண்டியதில்லை. போய்வந்த பிறகு, மரத்தடியில் மகள் என்ன கேட்டாள் என்று எழுதுங்கள்.