பதினாறாம் நாளுக்குப் பிறகு: துக்கமும் ஆலோசனையும், கேள்வி பதில்

கேள்வி: மனைவி தவறி ஐந்து மாதம் ஆகிறது. விடிகாலையில் அடுப்படியில் அவள் பாத்திரம் எடுக்கும் சத்தம் கேட்கிறது. எனக்குப் புத்தி பேதலிக்கிறதா? வயது 63.

பதில்: இல்லை ஐயா. துணையை இழந்தவர்களுக்குக் காலடி, குரல், தலை எண்ணெய் வாசம் எல்லாம் வந்து போவது சாதாரணம். பல வருடம் அதே நேரத்தில் அதே சத்தத்தைக் கேட்டுப் பழகிய மூளை இன்னும் அதை எதிர்பார்க்கிறது. அந்தக் குரல் உங்களைத் திட்டினாலோ, ‘நீயும் வா’ என்று கூப்பிட்டாலோ அன்றே மனநல மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: அம்மாவுக்குத் தலைத்திவசமும் முடிந்து மூன்று மாதம். அக்கா வேலையை விட்டுவிட்டாள், அம்மா அறையைத் திறக்க விடுவதில்லை. எப்போது ஆலோசகரிடம் கூட்டிப் போவது?

பதில்: இப்போதே போங்கள். எவ்வளவு அழுகிறார் என்பதைவிட, அன்றாட வாழ்க்கை எவ்வளவு நின்றுபோயிருக்கிறது என்பதுதான் அளவு. தினமும் விடாத ஏக்கம், இறந்ததை ஏற்க முடியாமை, வேலையும் வீடும் முடங்குவது எல்லாம் தொடர்ந்தால் அதற்கு ‘நீடித்த துக்கக் கோளாறு’ என்று பெயர். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல் 6 மாதத்தை எல்லையாக வைக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கக் கையேட்டின் 2022 திருத்தம் பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது. இதற்கென்றே சுமார் 16 அமர்வுச் சிகிச்சை உண்டு. இறப்பு நடந்த நாளை விவரமாகச் சொல்ல வைப்பார்கள், ஒதுக்கும் இடங்களுக்குப் படிப்படியாகப் போக வைப்பார்கள். அக்கா இல்லாத நேரம் பார்த்து அறையைக் காலி செய்துவிடாதீர்கள். பலரும் நல்லெண்ணத்தில் செய்யும் பெரிய தவறு அது. ‘செத்துடலாம்னு தோணுதா?’ என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆமாம் என்றால் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

கேள்வி: எங்கே போவது, முதல் நாள் என்ன நடக்கும்? ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று பயம்.

பதில்: வீட்டிலிருந்தே 14416-ஐ அழைக்கலாம். ‘டெலி மானஸ்’ என்ற அரசு சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். நேரில் என்றால் அரசு மருத்துவக் கல்லூரி அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவு. வெளிநோயாளிச் சீட்டு போட்டால் போதும். தனியாரிடம் கவனம் தேவை. ‘கவுன்சலர்’ என்று பலகை மாட்டியவர் எல்லாரும் படித்தவர் அல்ல. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (மருத்துவ உளவியலாளர்) என்றால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேளுங்கள், தயங்க வேண்டாம். துக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்த அனுபவம், கட்டணம் இரண்டையும் போனிலேயே கேட்டுவிடலாம்.

முதல் அமர்வு 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். யார் இறந்தார், எப்படி, உங்கள் தூக்கம், சாப்பாடு, குடிப்பழக்கம், சாக வேண்டும் என்ற நினைப்பு எல்லாம் கேட்பார்கள். நீங்கள் சொன்னதை ரகசியமாக வைக்க 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமை தருகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில் மட்டும் விலக்கு. அமர்வுக்குப் பிறகு ஓரிரு நாள் மனம் இன்னும் கனக்கலாம். அதைப் பார்த்து ‘ஒத்துவரவில்லை’ என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். மூன்று நான்கு அமர்வு வரை பாருங்கள். அதன் பிறகும் ‘மனசைத் தேத்திக்கோங்க’ என்ற புத்திமதி மட்டுமே கிடைத்தால் ஆளை மாற்றுங்கள்.

கேள்வி: தூக்கத்துக்காக ஒன்றரை மாதமாக அல்பிரசோலம் போடுகிறேன். இன்றோடு நிறுத்தலாமா?

பதில்: திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். எழுதித் தந்த மருத்துவரிடம் சொல்லி மெல்லக் குறையுங்கள்.

கேள்வி: ஆறு வயது மகளிடம் ‘அப்பா தூங்கிட்டார்’ என்று சொன்னோம். இப்போது அவள் படுக்கவே பயப்படுகிறாள்.

பதில்: தூங்கினால் தானும் எழுந்திருக்க மாட்டோம் என்று உங்கள் மகள் நினைக்கிறாள், அம்மா. இன்றே திருத்திச் சொல்லுங்கள்: “அப்பா செத்துப்போயிட்டார். அவர் உடம்பு வேலை செய்யறது நின்னுபோச்சு. அவருக்கு இனி பசிக்காது, வலிக்காது. திரும்பி வர மாட்டார். தூங்குறது வேற, நாம எல்லாரும் தூங்கி எழுந்திருப்போம்.” இந்த வயதுக் குழந்தைகள் வாய்விட்டுக் கேட்காத கேள்விகள் மூன்று உண்டு: என்னாலதானா? நீயும் செத்துடுவியா? என்னை யார் பாத்துப்பாங்க? அவள் கேட்காவிட்டாலும் பதில் சொல்லுங்கள். அழுத அடுத்த நிமிடமே விளையாட ஓடினால் தடுக்க வேண்டாம். வகுப்பு ஆசிரியையிடம் நீங்கள் சொன்ன அதே வார்த்தைகளைச் சொல்லி வையுங்கள். பள்ளியில் வேறு கதை கேட்டால் குழம்பிப்போவாள்.