டிஸ்லெக்சியா உள்ள புள்ளைக்கு கிரேட் 6க்கு பிரைவேட் ஸ்கூல் பாக்குறப்ப என்ன கேக்கணும்?

கேள்வி: தலவாக்கலையில இருக்கோம். மகளுக்கு 10 வயசு, டிஸ்லெக்சியா, அதாவது வாசிக்கிறதும் எழுதுறதும் கஷ்டமா வர்ற குறைபாடுன்னு சொல்லிட்டாங்க. கிரேட் 6க்கு நுவரெலியா, கண்டி பக்கம் எந்த பிரைவேட் ஸ்கூல் நல்லம்? ஹொஸ்டல்ல விடலாமா?

பதில்:

ஸ்கூல் பேரு சொல்ல மாட்டேன், மன்னிச்சிக்கோங்க. என் மகனுக்கு சரிவந்த எடம் உங்க மகளுக்கு சரிவரும்னு இல்ல, அதோட ஒரு நல்ல டீச்சர் விட்டுட்டு போனா அடுத்த வருஷமே அந்த ஸ்கூல் வேற ஸ்கூல் ஆயிடும். ஆனா நாங்க ஒரு தடவ நல்லா ஏமாந்து, சல்லியும் போயி, அதுக்குப் பிறகு தான் என்ன கேக்கணும்னு வெளங்குச்சு, அத எழுதுறேன்.

நாங்க கொட்டகலை. மகன் இப்ப கிரேட் 9. மூணாம் ஆண்டு படிக்கிறப்ப ஒருநாள் அவன் கொப்பிய எடுத்து பாத்தேன், சொல்வதெழுதல்ல "தோட்டம்"ங்கிறத "தேட்டாம்"னு எழுதியிருந்தான். கொம்பு போட்டிருக்கான், கால் போட்டிருக்கான், நாலு எழுத்தும் சரியா இருக்கு, ஆனா அந்த கால் நடந்து போயி மூணாவது எழுத்துக்கிட்ட நிக்கிது. டீச்சர் சிவப்பு பேனையால "கவனக்குறைவு"ன்னு எழுதிட்டாங்க. ல, ள, ழ மாத்தி எழுதுறது நம்மல்ல யாரு தான் எழுதல, அத வச்சி ஒண்ணும் சொல்ல ஏலாது. ஆனா சத்தத்துக்கும் எழுத்துக்கும் நடுவுல அந்த கயிறு அறுந்து அறுந்து போற மாதிரி இருந்தா அது வேற விஷயம். அவன் போன் பாக்குறதால தான்னு அத்தை சொன்னாங்க. அதே பய கடையில அஞ்சு சாமானுக்கு மனசாலயே கணக்கு பாத்து மிச்ச சல்லி வாங்கிட்டு வருவான். புத்திக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு டொக்டர் சொன்னப்ப நான் அங்கேயே அழுதுட்டேன், சந்தோஷத்துல.

உங்களுக்கு எழுத்துல ரிப்போர்ட் இருக்கான்னு நீங்க போடல. இல்லாட்டி ஸ்கூல் தேட முந்தி அத எடுங்க. ராகமையில களனி பல்கலைக்கழகத்து மருத்துவ பீடத்தோட சேர்ந்த அயதி நிலையம் இருக்கு, தூரம் தான், ஆனா அங்க கேட்டு பாக்கலாம். நாங்க வேற எடத்துல பாத்தோம், தமிழ்ல டெஸ்ட் பண்ண ஆள் இல்லாம பாதி இங்கிலிஷ்லயும் பாதி நான் மொழிபெயர்த்தும் தான் நடந்துச்சு. ரிப்போர்ட் ஏன் முக்கியம்னு கீழ வருது.

முதல் ஸ்கூல் ஒரு இன்டர்நேஷனல் ஸ்கூல். பெரிய கட்டடம், ஸ்மார்ட் போர்ட், புள்ளைங்க டை கட்டிட்டு "குட் மோர்னிங் மேம்"னு சொல்லுதுங்க, என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் மனசு விழுந்துடுச்சு. டிஸ்லெக்சியான்னு மறைக்காம சொன்னோம். அங்க இருந்த மிஸ் சிரிச்சிக்கிட்டே "நாங்க எல்லா புள்ளைங்களையும் ஒரே மாதிரி தான் பாக்குறோம்"னாங்க. எனக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதலா இருந்துச்சுன்னா, அன்னைக்கே எட்மிஷன் கட்டிட்டு வந்துட்டோம். ஒரே மாதிரி பாக்குறது தான் பிரச்சினையேன்னு ரெண்டாந்தவணையில தான் மண்டையில ஏறுச்சு. எல்லாத்தையும் போர்ட்ல இருந்து பாத்து எழுதணும், மத்தவங்க எழுதி முடிக்கிறப்ப இவன் மூணாவது வரியில நிப்பான், மிஸ் அழிச்சிருவாங்க. கொப்பி பூரா பாதி பாதி பக்கம். கிளாஸ்ல எல்லார் முன்னாலயும் வரிசையா சத்தமா வாசிக்க விடுவாங்க, அவன் முறை எப்ப வரும்னு எண்ணிட்டு, வர முந்தி டொய்லெட் போறேன்னு எந்திரிச்சி போயிருவான். இத அவன் சொல்லல, கூடப் படிச்ச புள்ளையோட அம்மா சொன்னாங்க. போயி கேட்டா தனியா ஃபீஸ் கட்டி எக்ஸ்ட்ரா கிளாஸ் போடுங்கன்னாங்க, அங்கயும் அதே பேப்பர் தான் திரும்ப. நாங்க குடுத்த ரிப்போர்ட் எங்கன்னே அவங்களுக்கு தெரியல. எட்மிஷன் ஃபீஸ் திருப்பி தர மாட்டாங்கன்னு ஃபோர்ம்ல இருந்துச்சாம், வாசிச்சது யாரு. நீங்க வாசிங்க. இந்த இன்டர்நேஷனல் ஸ்கூல்ங்க நிறைய கம்பெனி சட்டத்துல பதிஞ்சது, கவர்மெண்ட் ஸ்கூல்னா வலயக் கல்வி அலுவலகத்துல போயி நிக்கலாம், இங்க நிக்க எடம் இல்ல.

ரெண்டாவது ஸ்கூல் கண்டியில, ஒரு பழைய வீட்ட மாத்தி கட்டினது, விளையாட ஒழுங்கான கிரவுண்ட் கூட இல்ல. வைஸ் பிரின்சிபல் மேடம் இவன் கையில புத்தகம் குடுக்கல. "எப்பிடிப்பா வந்தீங்க"ன்னு கேட்டாங்க. இவன் பொடி மெனிக்கே கோச்சியில ஏறுனதுல இருந்து ஆரம்பிச்சான், சிங்கமலை சுரங்கம், ஹட்டன், ரொசல்ல, வட்டவளை, கலபொட, நாவலப்பிட்டின்னு வரிசையா சொல்லி எங்க எவ்வளவு நேரம் நின்னுச்சுன்னு வேற சொன்னான், நான் காலால தட்டுறேன் நிறுத்துடான்னு. மேடம் கேட்டுட்டே இருந்தாங்க. முடிஞ்ச பிறகு "வாயால பதில் சொல்ல தெரியுது, எழுதுறதுக்கு வழி பாப்போம்"னாங்க.

அப்ப நான் ஒரு கேள்வி கேட்டேன், மச்சான் ஒருத்தர் சொல்லிக் குடுத்த கேள்வி, நீங்களும் இத தான் முதல்ல கேக்கணும்: "உங்க ஸ்கூல்ல இருந்து யாருக்காவது லண்டன் பரீட்சையில எக்ஸ்ட்ரா டைம் எடுத்து குடுத்திருக்கீங்களா, எப்ப?"

லண்டன் பரீட்சைன்னா கேம்பிரிட்ஜ், எடெக்செல்ங்கிற இங்கிலாந்து பரீட்சை சபைங்க நடத்துறது. அந்த ரெண்டுலயும் டிஸ்லெக்சியா புள்ளைங்களுக்கு வழமையா 25 சதவீதம் வரைக்கும் கூட நேரம் உண்டு, தேவைன்னு காட்டினா கேள்விய வாசிச்சி சொல்ல ஆள், பதில எழுத ஆள் கூட கிடைக்கலாம். ஆனா இத நீங்களோ நானோ போயி கேக்க ஏலாது, ஸ்கூல் தான் முன்கூட்டியே செய்யணும். ரிப்போர்ட் மட்டும் காட்டினாலும் பத்தாது, அந்தப் புள்ள ஸ்கூல்லயே அப்பிடி தான் வழமையா டெஸ்ட் எழுதுதுன்னு ஆதாரம் வேணும். அதனால ஓ/எல் (சாதாரண தரப் பரீட்சை) வருஷத்துல ஓடி வந்து கேட்டு வேலையில்ல, கிரேட் 6, 7லயே தவணைப் பரீட்சைக்கு கூட நேரம் குடுக்கிற ஸ்கூலா இருக்கணும். முதல் ஸ்கூல்ல இத கேட்டிருந்தா அந்த மிஸ் முழிச்சிருப்பாங்க, எங்க சல்லி மிஞ்சியிருக்கும். நம்ம உள்ளூர் பரீட்சைக்கும் விசேட தேவையுள்ளவங்களுக்கு சலுகை இருக்கு, அதுவும் ஸ்கூல் மூலமா தான், அதனால கவர்மெண்ட் ஸ்கூல்ல விட்டாலும் கேள்வி இதே தான்.

இங்கிலிஷ் மீடியமா தமிழ் மீடியமாங்கிறது தான் எங்க வீட்டுல பெரிய சண்டை. தமிழ்ல 247 எழுத்து இருந்தாலும் ஒரு தடவ பிடிபட்டா எழுத்தும் சத்தமும் பெருசா ஏமாத்தாது, மகன் மெதுவா வாசிப்பான், ஆனா கடைசியில சரியா வாசிப்பான். இங்கிலிஷ்ல சி, கே, க்யூ மூணும் ஒரே சத்தம், அதே சி இன்னொரு எடத்துல ஸ் ஆயிருது, அவனுக்கு அது கண்ணக்கட்டி காட்டுல விட்ட மாதிரி. அப்ப தமிழ் மீடியம் தானே சரின்னு தோணும். ஆனா உள்ளூர் ஓ/எல்ல 9 பாடம், அதுல 6 கட்டாயம், வரலாறு உட்பட, பக்கம் பக்கமா எழுதணும். கிரேட் 6ல இருந்தே சிங்களமும் சேர்ந்து மூணு விதமான எழுத்து. லண்டன் ஓ/எல்ல பாடத்த குறைச்சி, அவனுக்கு ஏலுமான கணக்கு, சயன்ஸ், கொம்பியூட்டர்னு எடுத்து, ரெண்டு தடவையா பிரிச்சி எழுதலாம். நாங்க அதுக்காக தான் இங்கிலிஷுக்கு போனோம். இதுல நட்டமும் இருக்கு, நம்ம கவர்மெண்ட் கம்பஸுக்கு உள்ளூர் ஏ/எல் (உயர்தரப் பரீட்சை) இஸட் ஸ்கோர்ங்கிற புள்ளிய தான் பாக்குறாங்க, அந்தக் கதவு ஏறக்குறைய மூடிருது. வீட்டுக்காரருக்கு இன்னும் அது மனக்குறை தான். மகளுக்கு தமிழ்ல வாசிப்பு கொஞ்சம் கொஞ்சமா ஏறுதுன்னா, ஹெட்மாஸ்டர் நல்ல மனுஷன்னா, கவர்மெண்ட் ஸ்கூல்ல விட்டுட்டு அந்த ஃபீஸ் சல்லியில வீட்டுக்கு ஒரு டீச்சர வச்சிக்கிறது மோசமே இல்ல. சத்தத்த பிரிச்சி சொல்லி, எழுத்த தொட்டு எழுதி, ஒண்ணு முடிஞ்சி தான் அடுத்ததுன்னு சொல்லிக் குடுக்கிற டீச்சரா பாருங்க, பாஸ் பேப்பர் செய்ற டியூசன் இதுக்கு உதவாது.

ஸ்கூல் பாக்க போறப்ப ஹோல், ஸ்விமிங் பூல் எல்லாம் காட்டுவாங்க. நீங்க கிரேட் 7 புள்ளையோட சயன்ஸ் கொப்பி ஒண்ணு பாக்கலாமான்னு கேளுங்க. எழுத்துப் பிழைக்கு சயன்ஸ்லயும் மார்க் வெட்டியிருக்காங்களான்னு தெரியும், போர்ட்ட பாத்து எழுதுறது எவ்வளவுன்னும் தெரியும். பிரிண்ட் பண்ணின நோட்ஸ் ஒட்டியிருந்தா நல்ல சகுனம். கிளாஸ்ல எத்தன பேருன்னு கேட்டா சரியான நம்பர் வராது, எட்டி பாத்து கதிரைய எண்ணுங்க.

ஹொஸ்டல் கேட்டிருந்தீங்க. 10 வயசுல நான் விடல. பகல்ல ஸ்கூல் எவ்வளவு நல்லா இருந்தாலும் ராத்திரி படிக்கிற நேரத்துல பக்கத்துல இருந்து வாசிச்சி காட்ட ஆள் இல்லன்னா அந்த ரெண்டு மணித்தியாலம் புள்ள புத்தகத்த பாத்துட்டு சும்மா தான் இருக்கும். மகன் கம்பளையில அக்கா வீட்டுல இருந்து வேன்ல போயிட்டு வாறான், வெள்ளிக்கிழம கோச்சியில வீட்டுக்கு வருவான். நான் ராத்திரி சமைச்சி முடிச்சிட்டு அவன் பாடத்த வாசிச்சி வட்ஸ்அப்ல வொய்ஸா அனுப்பிருவேன், குக்கர் விசில் சத்தமும் சேர்ந்து போகும், அவன் ஹெட்செட் போட்டு ரெண்டு மூணு தடவ கேட்டுக்குவான். ஹொஸ்டல் தான் வழின்னா வார்டன்கிட்ட சாப்பாடு பத்தி கேக்க முந்தி, ராத்திரியில புள்ளைக்கு ஒரு மணித்தியாலம் போன் குடுப்பாங்களான்னு கேளுங்க, நிறைய எடத்துல போன் உள்ளயே விட மாட்டாங்க.