ஆறாயிரம் கட்டினால் ஆயிரம்தான் குறைகிறது

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர் ஜூலையில் மணாலியிலிருந்து லே வரை சைக்கிளில் போகிறோம். ஞாயிறுதோறும் கோத்தகிரி ஏறிப் பழகுகிறோம். டென்ட், ஸ்லீப்பிங் பேக், ஜாக்கெட், சைக்கிள் பைகள் என நான்கு பேருக்கும் என் கிரெடிட் கார்டில்தான் வாங்கினேன், பாயின்ட் கிடைக்குமே என்று. மற்றவர்கள் 'அடுத்த மாசம் போட்டுடறேன் மச்சி' என்கிறார்கள். பாக்கி 1,20,000. மினிமம் 6,000 தவறாமல் கட்டுகிறேன். சம்பளம் 42,000. நோ-காஸ்ட் இஎம்ஐயில் 85,000 ரூபாய்க்குப் புது சைக்கிள் எடுக்கலாமா? – கோவை வாசகர்

பதில்: சைக்கிளை அப்புறம் பார்ப்போம். 'தவறாமல் கட்டுகிறேன்' என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குக் கவலை அதில்தான்.

கார்டு பில்லை எடுத்துப் பாருங்கள், மாத வட்டி 3.5 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 1,20,000-க்கு வட்டி 4,200, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக ஏறத்தாழ 4,950. நீங்கள் கட்டும் 6,000-ல் அசலுக்குப் போவது ஆயிரம் சொச்சம். பாயின்ட் ஒரு சதவீதம் என்றே வைத்தாலும் மொத்தம் 1,200, அது ஒரு வாரத்து வட்டிக்குச் சரியாகிவிடும். பழைய பாக்கி நிற்கும்வரை வட்டியில்லா நாட்களும் கிடையாது, போன வாரம் ஒரு ட்யூப் வாங்கியிருந்தால் அதற்கும் வாங்கிய அன்றே வட்டி ஓட ஆரம்பித்திருக்கும்.

இந்தப் பாக்கியில் உங்கள் பங்கு 30,000 மட்டுமே. மீதி 90,000-க்கு மாதம் 3,700 வட்டியை மூன்று நண்பர்களுக்காக நீங்கள் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள், அது அவர்களுக்குத் தெரியவே தெரியாது என்று நினைக்கிறேன். இன்றைக்கே பில்லைப் படமெடுத்து குரூப்பில் போடுங்கள், தலைக்கு 30,000, பில் கட்டும் தேதிக்குள் வேண்டும், தள்ளிப்போனால் மாதம் 1,200 சேரும் என்று எழுதுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும், ஆனால் வழியில் லாச்சுங் லா கணவாய் ஏறும்போது ஒருவருக்கொருவர் உயிரையே நம்பிப் போகிறவர்களிடம் கணக்கு கேட்க ஏன் தயங்க வேண்டும்? ஒருவரால் முடியவில்லை என்றால், பிரிக்காத சாமானைத் திருப்பிக் கொடுங்கள். டென்டும் ஸ்லீப்பிங் பேகும் மணாலியில் வாடகைக்கே கிடைக்கும்.

உங்கள் 30,000-ஐ சம்பளத்திலிருந்து மூன்று மாதத்தில் அடைத்துவிடலாம். அதுவரை கார்டை வீட்டில் வையுங்கள், கடையில் நீட்டவே வேண்டாம்.

சரி, புது சைக்கிள். வேண்டாம். நோ-காஸ்ட் என்று பெயர் வைத்துவிட்டு ப்ராசஸிங் கட்டணமும், வட்டிக்கு உண்டான ஜிஎஸ்டியும் வாங்குவார்கள், ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியும் பல நேரம் போய்விடும். இருக்கும் சைக்கிளில் கோத்தகிரி ஏறுகிறீர்கள் அல்லவா, பின்னால் பெரிய பல்சக்கரம் உள்ள கேசட் (பின்சக்கர கியர் தொகுதி), புது செயின், பிரேக் பேட் மாற்றுங்கள், சில ஆயிரங்களில் முடிந்துவிடும்.

இன்னொன்று, வழியில் வரும் கேலாங் ஊரைத் தாண்டினால் ஏடிஎம்மை நம்ப முடியாது, வழியில் உள்ள டென்ட் தாபாக்களில் ரொக்கம்தான் கைகொடுக்கும். நான்கு பேரும் அவரவர் பணத்தை அவரவர் பையிலேயே எடுத்துப் போங்கள்.