டீசல் வானுக்குள் பெற்றோல் அடித்துவிட்டால் ஓட்டிச் செல்லலாமா?

கல்முனையில் டீசல் வானுக்குத் தவறுதலாகப் பெற்றோல் நிரப்பப்பட்டுவிட்டது, மட்டக்களப்பு வரை மெதுவாக ஓட்டிச் செல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரம் ஒருபுறமிருக்க, சாவியைத் திருப்புவதே ஆபத்தானது. பல வாகனங்களில் அப்போதே தாங்கியிலுள்ள பம்பு இயங்கி, கலந்த எரிபொருளை முன்னே தள்ளிவிடும்.

டீசல் எரிபொருளாக மட்டுமன்றி, உயர் அழுத்தப் பம்பின் உலோகப் பாகங்களுக்கு மசகாகவும் பயன்படுகிறது. பெற்றோல் அந்த மசகுத் தன்மையைக் குறைப்பதால், பாகங்கள் உராய்ந்து தேய்ந்து, அந்த உலோகத் துகள்கள், எஞ்சினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் வரை சென்று அவற்றையும் பழுதாக்கக்கூடும். மேலே டீசலை நிரப்பிச் சமாளிக்கலாம் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வதை, கொமன் ரெயில் எஞ்சின் (மிக உயர் அழுத்தத்தில் டீசலை ஒரு பொதுக் குழாய் வழியாகச் செலுத்தும் நவீன டீசல் எஞ்சின்) உள்ள வாகனத்தில் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம்.

கியரை நியூட்ரலில் வைத்து வானைத் தள்ளி ஓரமாக நிறுத்துங்கள்; மெக்கானிக்கை அங்கேயே வரவழைத்துத் தாங்கியை முழுமையாக வடிக்கச் செய்யுங்கள். ஏற்கெனவே எஞ்சினை இயக்கியிருந்தால், குழாய்களைக் கழுவி, டீசல் பில்டரையும் மாற்ற வேண்டும்.

பெற்றோல் காருக்குள் டீசல் சென்றால் புகையும் தடுமாற்றமும் வரும். பெரும்பாலும் சேதம் குறைவு, ஆனாலும் வடித்தே ஆக வேண்டும்.