காலையில் எல்லோருக்கும் தலையிடி

கேள்வி: கனடாவின் ஸ்காபரோவில் பேஸ்மென்ட் வீடொன்றில் வாடகைக்கு இருக்கிறோம். குளிர் தொடங்கி ஹீற்றர் போட்டதிலிருந்து நாலு வயது மகளுக்கு வாரத்தில் இரண்டு மூன்று தடவை மூக்கால் இரத்தம் வருகிறது. இன்டர்நெட்டில் பார்த்தால் இரத்தப் புற்றுநோய் என்று போட்டிருக்கிறது. எனக்கு நித்திரையே இல்லை. வீட்டுக் காற்றுக் காய்ந்திருப்பதாகச் சொன்னார்கள் என்று ஹ்யூமிடிஃபையர் வாங்கி, யூக்கலிப்டஸ் தைலமும் விட்டு இரவிரவாக ஓடவிடுகிறோம். யன்னலால் தண்ணீர் வழிகிறது. மேசையெல்லாம் வெள்ளைத் தூசி. அலாரம் ஒன்று இடைக்கிடை கத்தியது. நீராவிக்குத்தான் என்று கழற்றி லாச்சிக்குள் வைத்துவிட்டோம். ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் கேஸ் உலை) அறைக்குள் ஒரு குழாயால் குளிர் வந்தது. அதையும் துணியால் அடைத்தாயிற்று. காலையில் எனக்கும் மாமிக்கும் தலையிடி, பிரட்டல். வேலைக்குப் போனால் எனக்குச் சரியாகிவிடும். மாமிக்கு நாள் முழுக்க இருக்கிறது. விரலில் மாட்டும் கருவி ஒக்சிசன் 98 என்று காட்டுகிறது. எவ்வளவு ஈரப்பதன் வைக்க வேண்டும்? மகளுக்கு என்னென்ன பரிசோதனை செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் கடிதத்தை வாசித்த கையோடு தொலைபேசியில் அழைத்தேன். பிள்ளையையும் மாமியையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து, வாசலில் நின்று அவசர இலக்கம் 911-க்கு அடியுங்கள் என்றேன். தீயணைப்புப் படையினர் மீற்றரோடு வந்தார்கள். வீட்டுக்குள் காபன் மொனொக்சைட் என்ற நச்சுவாயு இருந்தது. வெந்நீர்த் தாங்கியின் கேஸை மூடி, பாவிக்கக் கூடாது என்ற சிவப்பு அட்டை தொங்கவிட்டார்கள். நீங்கள் மூவரும் ஒக்சிசன் பிடித்துக்கொண்டு வைத்தியசாலையில் ஓர் இரவு இருந்துவிட்டுத் திரும்பினீர்கள். பெயர் போடாமல் இதை எழுதச் சம்மதித்தீர்கள். இதே மாதிரி இன்னொரு பேஸ்மென்டில் இன்று காலை தலையிடியோடு எழும்பியவருக்காக எழுதுகிறேன்.

அன்றிரவு வைத்தியசாலையிலிருந்துகூட நீங்கள் என்னிடம் கேட்டது மகளின் மூக்கைப் பற்றித்தான். அதை முதலில் முடித்துவிடுகிறேன். இது இரத்தப் புற்றுநோய் அல்ல. மூக்கின் முன்பக்கம், நடுச்சுவரில், விரல் எட்டும் இடத்தில் மெல்லிய இரத்தக் குழாய்கள் வலைபோலக் கூடுகின்றன. காய்ந்த காற்றில் அந்தத் தோல் வெடிக்கிறது, பொருக்குக் கட்டுகிறது, பிள்ளை அதைக் கிண்டுகிறாள், இரத்தம் வருகிறது. புற்றுநோய் இப்படி மூக்கை மட்டும் தெரிந்தெடுத்து, ஹீற்றர் போட்ட மாதத்தில் வந்து நிற்காது. அடிபடாமலே உடம்பில் நீலம் பாரித்த தழும்புகள், காலில் ஊசிமுனை போன்ற சிவப்புப் புள்ளிகள், முரசில் இரத்தம், வெளிறிப்போதல், விடாத காய்ச்சல் என்று வேறு அடையாளங்கள் கூட வரும். உங்கள் மகளை வைத்தியசாலையில் உடுப்புக் கழற்றிப் பார்த்தார்கள், இரத்தமும் எடுத்தார்கள். ஒன்றுமில்லை. இனிமேல் இரவு இரண்டு மணிக்குக் கூகிளில் தேடாதீர்கள். அது உங்கள் பிள்ளையைப் பார்த்ததில்லை.

மூக்கால் இரத்தம் வந்தால் இருத்தி வைத்துத் தலையைச் சற்று முன்னே குனியச் செய்யுங்கள். மூக்கின் மெதுவான பகுதியை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்து, மணிக்கூட்டைப் பார்த்துப் பத்து நிமிடம் விடாமல் இருங்கள். நின்றுவிட்டதா என்று இடையில் திறந்து பார்க்காதீர்கள். மாமி செய்வதுபோலத் தலையைப் பின்னால் சாய்த்தால் இரத்தம் வயிற்றுக்குள் போய்ச் சத்தி எடுப்பாள். இரண்டு தடவை பிடித்தும் நிற்காவிட்டால் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

இனித் தலையிடி. நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிதான் என்னைத் தொலைபேசியை எடுக்க வைத்தது. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு, ஒரே நேரத்தில், காய்ச்சல் இல்லாமல் தலையிடியும் பிரட்டலும். வெளியே போனவருக்கு விடுகிறது, வீட்டிலேயே இருப்பவருக்கு விடவில்லை. காய்ந்த காற்று தொண்டையைக் கமறச் செய்யும், உதட்டை வெடிக்க வைக்கும். ஒருவர் வீட்டை விட்டு வெளிக்கிட்டதும் தலையிடியை நிற்பாட்டி, மற்றவருக்கு விட்டுவைக்காது. அப்படிச் செய்வது நச்சுவாயு.

இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஓர் இளைஞர் தலையிடி என்று இரண்டு தடவை என்னிடம் வந்தார். இரண்டு தடவையும் மைக்ரேன் குளிசை எழுதிக் கொடுத்து அனுப்பினேன். மூன்றாவது தடவை மனைவியும் கூட வந்து, “எனக்கும்தான் டொக்டர்” என்றார். அந்த வார்த்தை மட்டும் வராதிருந்தால் இந்த வாயுவைப் பற்றி நான் கேட்டிருக்க மாட்டேன். அன்றிலிருந்து குளிர்காலத்தில் தலையிடி என்று யார் வந்தாலும், வீட்டில் வேறு யாருக்கும் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறேன்.

காபன் மொனொக்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஒக்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். விரல் கருவி உங்களை ஏமாற்றியதும் அதனால்தான். அதன் வெளிச்சத்துக்கு ஒக்சிசன் ஏறிய இரத்தமும் இந்த வாயு ஏறிய இரத்தமும் ஒரே சிவப்பு. 98 என்று காட்டிக்கொண்டிருக்கவே ஆள் மயங்கி விழலாம். வேலைக்குப் போய்ப் பின்னேரம் கிளினிக்குக்கு வருவதிலும் பயனில்லை. வெளிக்காற்றைச் சுவாசித்தாலே நாலைந்து மணித்தியாலத்தில் இரத்தத்திலுள்ள அளவு பாதியாகிவிடும். ஆகவே சந்தேகம் வந்தால் படுக்கையிலிருந்து எழும்பியபடியே வெளியே போங்கள், 911-க்கு அடியுங்கள். வைத்தியசாலை வாசலில் “தலையிடி” என்று மட்டும் சொல்லாதீர்கள். “காபன் மொனொக்சைட்டாக இருக்கலாம், வீட்டில் எல்லோருக்கும் இருக்கிறது” என்று சொல்லுங்கள்.

நீங்கள் துணி அடைத்த குழாய் வீணாக வைத்த ஓட்டை அல்ல. பழைய வீடுகளில் ஃபர்னஸுக்கும் வெந்நீர்த் தாங்கிக்கும் எரியத் தேவையான காற்று அதால்தான் வருகிறது. அதை அடைத்தால் கேஸ் சரியாக எரியாது. புகைபோக்கியால் மேலே போக வேண்டிய புகை வீட்டுக்குள்ளேயே திரும்பும். குளிராக இருக்கிறதென்று அதற்குள் பழந்துணியும் பொலித்தீனும் அடைக்காத பேஸ்மென்ட் குறைவு. தயவுசெய்து இன்றே போய்ப் பாருங்கள். புதிய ஃபர்னஸ் வைத்த வீடென்றால் வெளிச்சுவரில் இரண்டு வெள்ளைக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். பனி கொட்டிய ஒவ்வொரு தடவையும் அவற்றின் வாயைத் துப்புரவாக்கி விடுங்கள்.

அலாரத்தைக் கழற்றியதற்கு நான் தொலைபேசியில் சத்தம் போட்டுவிட்டேன். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. நான்கு தடவை அடுத்தடுத்துக் கத்தி, சற்று விட்டு மீண்டும் நான்கு தடவை கத்தினால் அது காபன் மொனொக்சைட். அரை நிமிடத்துக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒரு தடவை கீச்சிட்டால் பற்றரி அல்லது ஆயுள் முடிந்துவிட்டது; பின்பக்கம் திகதி போட்டிருக்கும், ஏழு முதல் பத்து வருடம்தான். இதே ஒன்ராறியோ மாகாணத்தில் வூட்ஸ்ரொக் என்ற ஊரில் 2008 டிசெம்பரில் குளிர்காயும் கேஸ் கணப்படுப்பின் (ஃபயர்பிளேஸ்) புகைபோக்கி அடைபட்டு ஒரு குடும்பத்தில் தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என்று நாலு பேரும் இறந்தார்கள். அந்த வீட்டில் இந்த அலாரம் இருக்கவில்லை. 2013-இல் வந்த அலாரம் சட்டத்துக்கு அந்தக் குடும்பத்தின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். வாடகை வீட்டில் அதைப் பூட்டித் தருவது வீட்டுக்காரரின் பொறுப்பு. கேட்டால் கோபிப்பார், எழுப்பிவிடுவார் என்று பயந்து கேட்காமல் இருக்காதீர்கள். தரும்வரைக்கும் காத்திருக்காமல் ஒன்றை வாங்கிப் படுக்கையறைக்குப் பக்கத்தில் வையுங்கள்.

ஈரப்பதன் பற்றிய உங்கள் கேள்விக்குப் பதில் சிறியது. வெளியே மைனஸ் 15 பாகையில் ஒரு கன மீற்றர் காற்று ஒன்றரைக் கிராம் தண்ணீருக்கு மேல் தாங்காது. அதே காற்றை உள்ளே 21 பாகைக்குச் சூடாக்கினால் அதற்கு 18 கிராம் பிடிக்கும். அந்தப் பசியைத்தான் உங்கள் மூக்கும் தோலும் தீர்க்கின்றன. 30 முதல் 40 வீதம் போதும். அளக்கும் சின்னக் கருவி ஒன்றை வாங்குங்கள். அது இல்லாவிட்டால் யன்னலைப் பாருங்கள். கண்ணாடியில் தண்ணீர் ஓடினால் அளவுக்கு மிஞ்சிவிட்டது. அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும், மெத்தையில் தூசிப்பூச்சி பெருகும், முட்டு (ஆஸ்துமா) உள்ள பிள்ளைக்கு அது காய்ந்த காற்றைவிடக் கெடுதல்.

வெள்ளைத் தூசி குழாய்த் தண்ணீரின் உப்பு. காய்ச்சி வடித்த தண்ணீர் விட்டால் நின்றுவிடும். மிச்சத் தண்ணீரைத் தினமும் ஊற்றிவிட்டு, மூன்று நாளுக்கொரு தடவை வினாகிரி விட்டுத் தேய்த்து நன்றாக அலசுங்கள்.

தைலத்தை நிற்பாட்டுங்கள். தண்ணீரைத் தவிர அதற்குள் எதையும் விடாதீர்கள். தென்கொரியாவில் ஹ்யூமிடிஃபையர் தண்ணீருக்குள் விடும் கிருமிநாசினியை 1994 முதல் கடைகளில் விற்றார்கள். தோலில் பட்டால் பெரிதாக ஒன்றும் செய்யாத பொருள், நுண்துளியாக நுரையீரலுக்குள் போனபோது அதை அழித்தது. 2011-இல்தான் காரணம் பிடிபட்டது. அதற்குள் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இறந்துவிட்டார்கள். யூக்கலிப்டஸ் அவ்வளவு கொடியதல்ல. ஆனால் அந்தச் சின்னப் போத்தலில் ஒரு தேக்கரண்டி குடித்தாலே நாலு வயதுப் பிள்ளைக்கு வலிப்பு வரலாம். அதை எட்டாத உயரத்தில் வையுங்கள். கொதிதண்ணீர்ச் சட்டி வைத்து ஆவி பிடிப்பதும் வேண்டாம். சட்டி கவிழ்ந்து தொடை வெந்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன்.

மகளுக்குத் தேவையானது இவ்வளவுதான்: பகலில் இரண்டு மூன்று தடவை உப்புநீர் ஸ்ப்ரே, படுக்கும்போது நுனிவிரலில் பட்டாணி அளவு வாஸ்லின் எடுத்து மூக்கின் நடுச்சுவரில் மெல்லப் பூசிவிடுங்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். ஃபர்னஸ் ஓய்ந்து மே மாதம் வந்த பிறகும் இரத்தம் வந்தால் குடும்ப வைத்தியரிடம் காட்டுங்கள். ஒரே இடத்தில் தடித்த குழாய் இருந்தால் சில்வர் நைத்திரேற்றுக் குச்சியால் ஒரு தடவை ஒத்திவிடுவார்கள். கொஞ்சம் எரியும். பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.