துரத்த ஆளில்லாவிட்டால் எச்.ஐ.வி. ஓடுமா?

"எதிர்ப்புச் சக்தி சரிந்துவிட்டால் எச்.ஐ.வி. இன்னும் வேகமாக மாறிக்கொண்டே போகுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படித்தான் தோன்றும். நடப்பது ஏறக்குறைய நேர்மாறு.

இந்த வைரஸின் மரபுத்தொகுதி சுமார் 9,700 எழுத்து நீளம். அதைப் படியெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தும் பழக்கமே கிடையாது. சிகிச்சை எடுக்காதவர் உடலில் தினமும் கோடிக்கணக்கில் புது வைரஸ்கள் பிறப்பதால், பிழைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பிழை நடப்பது வேறு, நிலைப்பது வேறு. எதிர்ப்புச் சக்தியின் ஆயுதமான ஆன்டிபாடி வைரஸின் ஒரு வடிவத்தை அடையாளம் கண்டு அடிக்கும்போது, வெளியே போர்த்தியிருக்கும் மேலுறைப் புரதத்தில் ஒரு சர்க்கரைச் சங்கிலி இடம்மாறிய வைரஸ் தப்பிக்கிறது. கொஞ்ச நாளில் அதன் வாரிசுகள்தான் கூட்டம். ஆன்டிபாடி அதையும் கற்றுக்கொள்ளும், மறுபடி ஓட்டம்.

1999இல் வந்த ஓர் ஆய்வு எச்.ஐ.வி. தொற்றிய 9 ஆண்களை 6 முதல் 12 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. மேலுறைப் புரதத்துக்கான மரபணு, தொடக்கத்தில் இருந்த வடிவத்திலிருந்து முதலில் ஆண்டுக்குச் சுமார் 1% விலகிக்கொண்டே போனது. நோய் முற்றி எதிர்ப்புச் சக்தி சரிந்த கட்டத்தில் அந்த விலகல் தேங்கிவிட்டது. துரத்த ஆளில்லாதபோது எதற்கு ஓட வேண்டும்? வேறு விளக்கங்களும் உண்டு, எனக்கு இதுதான் பொருத்தமாகப் படுகிறது.

அப்புறம் இன்னொன்று: சிலரிடம் வைரஸ் செல்லின் மேற்பரப்பில் உள்ள சிசிஆர்5 என்ற வாசலோடு நிற்காமல் சிஎக்ஸ்சிஆர்4 என்ற இன்னொரு வாசல் வழியாகவும் நுழையப் பழகிவிடுகிறது. அதுவரை பெரிதாக அகப்படாத புதிய டி செல்களும் (இன்னும் எந்தக் கிருமியையும் சந்திக்காத, எதிர்ப்புச் சக்தியின் வெள்ளை அணுக்கள்) அப்போது மாட்டும். சிடி4 எண்ணிக்கை, அதாவது எச்.ஐ.வி. குறிவைக்கும் டி செல்களின் எண்ணிக்கை, மளமளவென்று இறங்கும்.