மினியேச்சர் குதிரைக்கு வாய் நோகாத பிட் எது? தடிமனானதுதான் மென்மையா?

34 அங்குல உயரக் குதிரையைச் சின்ன வண்டிக்குப் பழக்கப் போகிறீர்கள், தடிமனான பிட் (லகானோடு சேர்த்துக் குதிரையின் வாயில் குறுக்கே மாட்டும் கம்பி) வாங்கச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். என் குதிரைக்கு நான் செய்த தவறே அதுதான்.

மெல்லிய கம்பி அறுக்கும், தடித்த கம்பி அழுத்தத்தைப் பரப்பிக் கொடுக்கும் என்பது பொதுவாகச் சரிதான். ஆனால் அதற்கு வாயில் இடம் இருக்க வேண்டும். நான் நடுவில் ஒரே மூட்டு உள்ள, நல்ல தடிமனான ஸ்நாஃபிள் (லகானின் இழுப்பை நெம்புகோல் இல்லாமல் நேராக வாய்க்குக் கொடுக்கும் பிட்) ஒன்றை மாட்டினேன். லகானைத் தொட்டாலே அவள் வாயைப் பிளந்து தலையை மேலே வீசுவாள். பிடிவாதம் என்று நினைத்து இரண்டு வாரம் ஓட்டினேன். பிறகு ஒருநாள் உதட்டைப் பிரித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. நாக்கே வாயை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. மேலண்ணம் தாழ்வாக அதன் மேலேயே இருக்கிறது. உடம்பு சிறுத்த அளவுக்கு இவற்றின் பற்கள் சிறுப்பதில்லை. அந்த இடுக்கில் தடிக்கம்பியைத் திணித்தால் வாயை மூடவே முடியாது. லகானை இழுக்கும்போது ஒற்றை மூட்டு பாக்குவெட்டி மாதிரி மடங்கி, முனை அண்ணத்தில் போய்க் குத்தும்.

இப்போது அவளுக்குப் போடுவது நடுவில் உருண்டையான சின்னத் துண்டு வைத்த இரட்டை மூட்டு ஸ்நாஃபிள். தடிமன் 10 மில்லிமீட்டர். நாக்கின் மேல் படிந்து உட்காருகிறது. சில குதிரைகளுக்கு மூட்டே இல்லாமல் லேசாக வளைந்த கம்பி இன்னும் பிடிக்கும். வண்டிக்கு என்பதால் அரைக்கன்னம் (half-cheek), அதாவது இரண்டு பக்க வளையத்திலும் கீழ்நோக்கி மட்டும் சின்னக் கம்பி நீண்டிருக்கும் வகையைத் தேடுங்கள். வளையம் வாய்க்குள் இழுபடாது, உதட்டோரத்தையும் கிள்ளாது. நெம்புகோல் போல வேலை செய்யும் லிவர்பூல் பிட் பழக்கும் காலத்தில் வேண்டவே வேண்டாம்.

அகலத்துக்கு, வழவழப்பான ஒரு மரக்குச்சியை பிட் இருக்கும் இடத்தில் குறுக்கே வைத்து, இரண்டு பக்கமும் உதடு முடியும் இடத்தில் குறி போட்டு அளந்துகொள்ளுங்கள். பெரிய குதிரைக்கு 5 அங்குலம் என்றால் இவற்றுக்கு பெரும்பாலும் 3.5 அங்குலத்தை ஒட்டித்தான் வரும். இரண்டு பக்கமும் சில மில்லிமீட்டர் இடம் விட்டால் போதும். அதற்கு மேல் அகலமானால் பிட் பக்கவாட்டில் நகர்ந்து மூட்டு நடுவில் நிற்காது. இன்னொன்று, அகலத்தை மட்டும் குறைத்து, தடிமனையும் வளைய எடையையும் பெரிய குதிரைக்கு உள்ளபடியே விட்டுவிட்ட பிட்கள் நிறைய விற்பனைக்கு வருகின்றன. கையில் தூக்கிப் பார்த்தாலே கனம் தெரிந்துவிடும்.

செய்நேர்த்தியைப் பார்க்க எனக்குப் பிடித்த வழி, பழைய நைலான் காலுறை. கம்பி, மூட்டு, வளையம் சேரும் துளை எல்லாவற்றின் மேலும் அதை இழுத்து ஓட்டுங்கள். எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கே உதடும் கிழியும். விரலுக்குத் தட்டாத பிசிறு காலுறைக்குத் தட்டுப்படும். முலாம் பூசியதைத் தவிர்த்துவிடுங்கள். முலாம் உரிந்தால் அதன் ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். துருப்பிடிக்காத எஃகு நம்பகமானது.

இதெல்லாம் பார்ப்பதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் பல்லைக் காட்டிவிடுங்கள். கடைவாய்ப் பல் வரிசைக்கு முன்னால் ஓநாய்ப் பல் என்று குட்டியாக ஒன்று இருக்கலாம். அதில் இடித்தால் எவ்வளவு நல்ல பிட்டும் வலிக்கும்.

முதல் நாள் வண்டி பூட்டாமல் பத்து நிமிடம் மட்டும் போட்டு நடத்துங்கள். கழற்றியதும் உதட்டோரத்தைத் திருப்பிப் பாருங்கள். அந்தத் தோல் சிவக்காமல் இருந்தால் அடுத்த நாள் பதினைந்து நிமிடம் போடலாம்.